நாலாயிரத்துச் சொச்சம் எழுத்தில் அடங்காதவள்

எழிலரசி பார்க்கிற வேலையை ஒரே மூச்சில் யாருக்கும் விளக்கிவிட முடியாது. "பாடங்களைப் பரிசோதிக்கிறேன்" என்று ஆரம்பித்தால், டீச்சரம்மா என்று நினைத்துக்கொண்டு கேட்பவர் முகத்தில் உடனே ஒரு மரியாதை வந்துவிடும். "கம்ப்யூட்டர்ல படிக்கிற பாடங்க" என்றால் அந்த மரியாதை பாதியாகிவிடும். "படிச்சவங்களைப் படிச்சாங்கன்னு கம்ப்யூட்டர் சரியா குறிச்சு வைக்குதான்னு பார்க்கிறதுதான் என் வேலை" என்று அவள் முடிப்பதற்குள், கேட்டவர் நூம்பலில் இப்போது ஃப்ளாட் என்ன விலை போகிறது என்று விசாரிக்கத் தொடங்கியிருப்பார். அவள் குடியிருப்பது நூம்பலில் என்பதால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா படைத்தொழிற்சாலையில் ஃபிட்டர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். அடுத்த வீட்டில் தஞ்சாவூர், எதிர்வீட்டில் தருமபுரி. மூன்று வீட்டுச் சாம்பாரும் மூன்று விதமாக மணக்கும். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மூன்றாம் மாடி அலுவலகத்தில் சேர்ந்தாள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு, அவர்களுடைய ஊழியர்கள் திரையில் பார்த்துப் படிக்கிற பாடங்களைத் தயாரித்துக் கொடுக்கிற இடம். "அடுத்து" என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே கடைசிப் பக்கம்வரை போய், 'முடித்தார்' என்று பதிவாகிறதா என்று பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை. வீட்டில் கேட்டபோது, "அடுத்து அடுத்துன்னு அமுக்கிட்டே இருக்கணும்மா" என்று சொன்னாள். "இதுக்கா பி.எஸ்ஸி.?" என்றார் அம்மா.

ஆனால் எழிலரசி முதல் வாரத்திலேயே அசந்துபோன ஒரு விஷயம் உண்டு. ஒரு பழைய பாடத்தை முடித்ததும் கம்ப்யூட்டரின் ஒரு மூலையில் ஒரு சின்னக் கோப்பு உருவானது. அதைத் திறந்து பார்த்தாள். படித்தவர் யார், எந்தப் பக்கத்தில் நிறுத்தினார், முடித்தாரா, எத்தனை மதிப்பெண், எவ்வளவு நேரம். அவ்வளவுதான், ஐந்தாறு வரி. இந்த வரிகள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒழுங்கு போட்டவர்கள் விமானத் துறைக்காரர்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒவ்வொரு கம்பெனி விமானத்துக்கும் ஒவ்வொரு விதமான பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்ப்யூட்டர் என்று மெக்கானிக்குகள் திண்டாடியதால், பாடம் யாருடையதாக இருந்தாலும் கணக்கு ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்களாம். போட்டியாளர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவன் படித்தான் என்பதை எப்படி எழுதுவது என்று விவாதித்திருக்கிறார்கள்! எங்கோ ஒரு விமானக் கொட்டகையில் ஒருவன் போல்ட் முடுக்கக் கற்றுக்கொண்டதற்கு இந்த ஐந்து வரிதான் சாட்சி என்று நினைத்தபோது அவளுக்குக் கை சிலிர்த்தது. அவளுடைய அப்பாவும் காலம் முழுக்க போல்ட் முடுக்கியவர்தான். அவர் எப்போது கற்றுக்கொண்டார் என்று எந்தக் கோப்பும் சொல்லாது.

அதற்குப் பிறகு வந்தது ஸ்கார்ம் என்ற விதிமுறை. இதன் பின்னால் இருந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. ஒரே பாடத்தை ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாகக் காசு கொடுத்துச் செய்து அலுத்துப்போய், எந்தக் கடையில் வாங்கின பல்பும் வீட்டு ஹோல்டரில் மாட்டுகிற மாதிரி, எங்கே செய்த பாடமும் எந்தக் கம்பெனியின் பயிற்சி மென்பொருளிலும் ஓட வேண்டும் என்று விதி செய்தார்கள். அந்த விதி உலகம் முழுக்கப் பரவியது. எழிலரசி அம்பத்தூரில் உட்கார்ந்து கட்டிய பாடப் பொட்டலம் ஜெர்மனியில் பிரித்தாலும் ஓடியது, பிரேசிலில் பிரித்தாலும் ஓடியது. பொட்டலத்தை அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்குவதற்குள் அங்கே யாரோ படிக்க ஆரம்பித்திருப்பார்கள்.

ஸ்கார்மில் மிக அதிகமாகப் புழங்கிய வகைக்கு ஆறே சொல்தான் தெரியும். தொடவில்லை, புரட்டிப் பார்த்தார், முடிக்கவில்லை, முடித்தார், தேறினார், தேறவில்லை. உலகத்தில் படிக்கிற அத்தனை பேரையும் இந்த ஆறுக்குள் அடைத்தாயிற்று. கூடவே ஒரு சின்னப் பெட்டியும் உண்டு. பாடத்தைப் பாதியில் விட்டுப் போகிறவர் திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமே, அதற்கான குறிப்புகளைப் பாடம் அந்தப் பெட்டியில் எழுதி வைத்துக்கொள்ளும். பெட்டியின் கொள்ளளவு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எழுத்து. அதற்கு மேல் ஒரு எழுத்துகூட ஏறாது. அந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கல்யாணம் ஆனது, மகள் ஸ்வாதி பிறந்தாள், நூம்பலில் கடன் வாங்கி வீடு வாங்கினார்கள், விதிகளும் மாறிக்கொண்டே வந்தன. ஒருநாள் அலுவலகத்தில் புதிதாக ஒன்றைக் காட்டினார்கள். எக்ஸ்-ஏ-பி-ஐ என்று பெயர். பெயரைக் கேட்டால் பூச்சிமருந்து மாதிரி இருந்தது. உள்ளே பார்த்ததும் எழிலரசி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆறு சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வாக்கியம்! யார், என்ன செய்தார், எதை. இந்த மூன்றும் இருந்தால் போதும், என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பார்த்தார், கேட்டார், தயங்கினார், திரும்ப வந்தார் என்று எந்த வினைச்சொல்லும் செல்லும். கம்ப்யூட்டர் பாடமாகவே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒருவர் நேரில் கற்றுக்கொண்டதை இன்னொருவர் பார்த்து எழுதி அனுப்பினாலும் இந்த வாக்கியங்களுக்கென்றே இருக்கிற சேமிப்புக் கணினி வாங்கி வைத்துக்கொள்ளும். இணைய இணைப்பு இல்லாவிட்டால் வாக்கியங்கள் பொறுமையாகக் காத்திருந்து, இணைப்பு வந்ததும் வரிசையாகப் போய்ச் சேரும்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அவளுக்கு உலகமே அப்படித்தான் தெரிந்தது. கண்டக்டர், கிழித்தார், டிக்கெட். முன் சீட்டுக்காரர், தூங்கினார், பக்கத்து ஆள் தோளில். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஸ்வாதி, மறைத்தாள், மார்க் ஷீட்டை. "மனுஷன் ஒரு நாள்ல செய்யிற எல்லாத்தையும் எழுதிடலாம்ங்க" என்று வீட்டுக்காரரிடம் வியந்து வியந்து சொன்னாள். அவர், சாப்பிட்டார், தோசையை.

ஆனால் வாங்குகிறவர்கள் இந்தப் புதுசை லேசில் வாங்கவில்லை. பழைய ஸ்கார்ம் எல்லா இடத்திலும் ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்றார்கள். சிஎம்ஐ ஃபைவ் என்று இன்னொன்று வந்து, பழைய ஒழுங்கையும் புது வாக்கியத்தையும் ஒட்டிக் காட்டியது. அதையும் தலையாட்டிப் பாராட்டிவிட்டு, "இந்தத் தடவை பழசுலயே குடுத்துடுங்க" என்றார்கள். பீரோவில் வைத்த பட்டுப்புடவை மாதிரி புது விதிகள் அலுவலகத்தில் மடித்தே கிடந்தன. எழிலரசி மட்டும் அவ்வப்போது எடுத்துப் பிரித்துப் பார்ப்பாள்.

இதில் அவளுக்கு ஒரு குறை இருந்தது. இத்தனை வருஷத்தில், தான் பரிசோதித்த பாடத்தைப் படித்த ஒரே ஒரு ஆளைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. எல்லோரும் கடல் கடந்து இருந்தார்கள். அவள் பெயரும் எங்கும் கிடையாது. பரிசோதனைக்கு உள்ளே நுழையும்போது அவள் பெயர் 'டெஸ்ட் ஒன்று'. ஆயிரக்கணக்கான பாடங்களை 'டெஸ்ட் ஒன்று' முடித்திருக்கிறார், எல்லாவற்றிலும் தேறியிருக்கிறார். பாடத்தை அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பதிவுகளைத் துடைத்து அழித்துவிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் உலகத்திலேயே அதிகம் படித்தவள் எழிலரசிதான், ஆனால் ஒரு வரி ஆதாரம் கிடையாது.

போன வருஷம் அலுவலகத்துக்கு முதல்முறையாக உள்ளூர் வேலை ஒன்று வந்தது. குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கிடங்கு. அங்கே பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்குத் தமிழில் ஒரு பாடம், உள்ளே சின்னச் சின்னப் பாடங்களாகப் பிரித்தது. எழிலரசி தன் வாழ்க்கையில் தமிழில் பரிசோதித்த முதல் பாடம் அதுதான். வழக்கம்போல் 'அடுத்து, அடுத்து' என்று போனாள், 'முடித்தார்' என்று வந்தது, துடைத்தாள், அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு புகார் வந்தது. எல்லோருக்கும் பாடம் முடிகிறது, ரேணுகா என்ற ஒரு பெண்ணுக்கு மட்டும் எத்தனை தடவை படித்தாலும் 'முடிக்கவில்லை' என்றே காட்டுகிறது.

எழிலரசியின் மேலாளர் மனோகரன் புகாரைப் படித்துவிட்டுச் சிரித்தார். "பாதில எழுந்து போயிருப்பாங்க எழில். படிக்கிறவங்க தப்புன்னு போட்டு மூடிடுங்க."

வேறு நாட்டுப் புகாராக இருந்தால் மூடித்தான் இருப்பாள். ஆனால் குத்தம்பாக்கம் அவள் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம். "நேர்லயே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் சார்" என்றாள். உள்ளுக்குள் அவளுக்கு வேறு ஒரு ஆசை. படிக்கிற ஒரு ஆளைப் பார்க்கலாமே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தாள். தகரக் கூரை போட்ட பெரிய கூடம். கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். இடையில் மஞ்சள் வண்டிகள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சர் சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. பயிற்சிக்குப் பொறுப்பாளர் ஜெகதீஷ், முப்பது வயது இருக்கும், கழுத்தில் விசில். அவர் விஷயத்தைப் பட்டென்று போட்டு உடைத்தார்.

"திங்கக்கிழமை வண்டிப் பயிற்சி தொடங்குது மேடம். பொம்பளைங்க பேட்ச் இதான் முதல் தடவை. பாடம் முடிச்சவங்கதான் வண்டியத் தொடணும்னு கம்பெனி ரூல். ரேணுகாவுக்கு முடியலைன்னா அந்த இடத்தை அடுத்த ஆளுக்குத் தந்துடுவேன். அந்தப் பொண்ணுக்குச் சும்மா பெட்டி ஒட்டற வேலையே போதும்னு தோணுது எனக்கு."

"அடுத்த பேட்ச் எப்போ?"

"அதை யார் கண்டா?"

ரேணுகாவைக் கூப்பிட்டனுப்பினார். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு. கையில் ஒட்டுகிற டேப்பின் பிசுபிசுப்போடு வந்து நின்றாள். குமணன்சாவடிக்காரி. எழிலரசியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் அந்தப் பாடம் செஞ்ச அக்காவா?"

"செஞ்சது வேற ஆளுங்க. நான் சரியா ஓடுதான்னு பார்த்தேன்."

"நல்லா பாத்த போ!" என்றாள் ரேணுகா. ஜெகதீஷ் அதட்டப் போனார், அவள் நிறுத்தவில்லை. "நேத்து படிச்சத இன்னிக்கு வந்து பாத்தா காணோம்க்கா. நாலாவது பாடத்துலயே வந்து நிக்குது. நானும் எத்தினி தபா படிக்கிறது? டீ குடிக்கக்கூடப் போவாம குந்திகினு படிக்கிறேன். எல்லாப் பொண்ணுங்களும் முட்ச்சிட்டாங்க. எனக்கு மண்டைல ஒண்ணும் ஏறலன்னு இவுரு சொல்றாரு. நானும் அப்டித்தான் போலன்னு ஊட்ல போயி அழுதுகினு கீறேன்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபது வருஷம் கழித்து முதல்முறையாகப் பார்க்கிற ஆள், இப்படியா பார்க்க வேண்டும்!

"உக்காருங்க. என் லேப்டாப்ல படிங்க, நான் பக்கத்துல இருந்து பார்க்கிறேன்" என்றாள்.

ரேணுகா படிக்க ஆரம்பித்தாள். ஒரு பாடத்தை ஒருவர் இப்படிப் படிக்கலாம் என்றே எழிலரசிக்கு அதுவரை தெரியாது. ரேணுகா ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தாள். படித்ததை ஜன்னல் வழியாக வெளியே ஓடுகிற வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பாடத்தின் நடுவே பயிற்சிகள் வரும்: திரையில் வண்டியை நகர்த்த வேண்டும், பாரத்தை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு தடவை செய்துவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். இவள் சரியாகச் செய்த பயிற்சியையும் மறுபடி செய்தாள், முந்தைய பக்கத்துக்குப் போனாள், வந்தாள், இன்னொரு தடவை செய்தாள். அவள் செய்கிற ஒவ்வொன்றையும் பாடம் தன் பெட்டியில் ஒழுங்காகக் குறித்துக்கொண்டே வந்தது.

பெட்டி! எழிலரசி பரபரவென்று பின்னால் நடப்பதைக் காட்டுகிற சாளரத்தைத் திறந்தாள். நாலாவது பாடத்தின் நடுவில் ஒரு சிவப்பு வரி ஓடியது. 'சேமிக்க முடியவில்லை.' அடுத்த சொடுக்குக்கு இன்னொன்று. அதற்குப் பிறகு ரேணுகா செய்தது எல்லாமே சிவப்பு வரிதான். நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து நிரம்பிவிட்டது. அதற்கு மேல் அவள் எவ்வளவு படித்தாலும் எழுதிக்கொள்ள இடமில்லை. நாளைக்கு வந்து திறந்தால் மறுபடி நாலாவது பாடம்தான். படிக்கிறவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இது ஏன் அலுவலகத்தில் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதும் அவளுக்கு உடனே புரிந்தது. பரிசோதிக்கிற யாரும் பாடத்தைப் படிப்பதில்லை. விடை தெரியும், 'அடுத்து' தெரியும், ஓடுவார்கள். அப்படி ஓடினால் பெட்டி கால்வாசிகூட நிரம்பாது. அரைகுறையாகப் படித்தால் முடித்தார் என்று எழுதுகிற பாடம், ஆழ்ந்து படித்தால் முடிக்கவில்லை என்று எழுதுகிறது. இத்தனை பேரில் யார் உண்மையில் படித்தாளோ அவளுக்குப் படிக்காதவள் என்று பட்டம். எழிலரசிக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

"ரேணுகா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க படிச்சது ரொம்ப அதிகம். அதை எழுதிக்க இதுக்கு இடம் பத்தலை" என்றாள்.

ரேணுகா திரையிலிருந்து திரும்பினாள். "மெய்யாலுமா?"

"மெய்யாலும்தான்."

ஜெகதீஷுக்கு விளக்கினாள். அவர் பாதி புரிந்து தலையாட்டினார். முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது. "அப்போ சரி மேடம். எனக்குக் கம்ப்யூட்டருக்குள்ள அதிகாரம் இருக்கு, நானே 'முடித்தார்'னு மாத்திவிட்டுடறேன். ஒரு நிமிஷ வேலை."

பிரச்சினை தீர்ந்தது என்று எழிலரசி மூச்சு விட்டாள். ரேணுகா கையை நீட்டித் தடுத்தாள்.

"வோணாம் சார்."

"ஏன்?"

"நீ டிக்கு போட்டா, நாளைக்கு வண்டில ஏறும்போது ஆம்பளைங்க இன்னா சொல்லுவாங்க தெர்யுமா? அயுது வாங்கிகினு வந்தான்னுவாங்க. எனக்கே அப்டித்தான் தோணும். நான் படிச்சத அது எய்தட்டும். அதுவே எய்தணும்." எழிலரசி பக்கம் திரும்பினாள். "அக்கா, உன்னால அத சரி பண்ண முடியுமா முடியாதா?"

"திங்கக்கிழமைக்குள்ளவா?"

"ஞாயித்துக்கெயமை எனக்கு லீவு. காலீல வந்து ஒரே மூச்சுல முட்ச்சிடுவேன். இன்னொரு தபாதானே?"

சனிக்கிழமை காலையிலேயே எழிலரசி அம்பத்தூர் அலுவலகத்தில் இருந்தாள். பீரோவில் மடித்துக் கிடந்த பட்டுப்புடவையை உடுத்த வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. செய்ய வேண்டியது இதுதான்: பழைய பெட்டியில் பக்க எண்ணை மட்டும் வைப்பது, ரேணுகா செய்கிற ஒவ்வொன்றையும் புது விதிப்படி ஒவ்வொரு வாக்கியமாக்கி அலுவலகத்தின் சேமிப்புக் கணினிக்கு அனுப்புவது. வாக்கியங்களுக்குப் பெட்டியும் இல்லை, கொள்ளளவும் இல்லை.

மனோகரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஒரே ஒரு ஆளுக்காகவா இவ்வளவும், எழில்?"

"ஒரே ஒரு ஆள்தான் சார் ஒழுங்கா படிச்சிருக்காங்க."

மனோகரன் அந்தச் சிவப்பு வரிகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் பாடம் எழுதியவர்தான். தன் லேப்டாப்பை எடுத்து வந்து, பாதி வேலையைத் தான் வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து, விடை தெரியாதவர்கள் மாதிரி, நிஜமாகவே படித்துப் பார்த்தார்கள். மனோகரன் ஒரு பயிற்சியில் பாரத்தைக் கவிழ்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எழிலரசி நூம்பல் வீட்டு பால்கனியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேமிப்புக் கணினியின் பக்கம் வெறுமையாக இருந்தது. பத்து மணிக்கு முதல் வாக்கியம் வந்தது.

ரேணுகா – தொடங்கினார் – முதல் பாடம்.

எழிலரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. ரேணுகா – படித்தார் – பாரத்தின் அளவு. ரேணுகா – செய்தார் – தூக்கும் பயிற்சி. ரேணுகா – தவறினார் – தூக்கும் பயிற்சி. ரேணுகா – திரும்பினார் – பாரத்தின் அளவு. ரேணுகா – செய்தார் – தூக்கும் பயிற்சி. சரி. மறுபடி. சரி. அந்த வாய்விட்டுப் படிக்கிற குரல் அவள் காதில் கேட்டது. ஒரு மனுஷி தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்கிறாள். அது நடக்கும்போதே, நடக்கிற வரிசையிலேயே, சில மைல் தள்ளி மாடியில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. விமானத் துறைக்காரர்களின் ஐந்து வரியைப் பார்த்தபோது சிலிர்த்த கை இன்றைக்கும் சிலிர்த்தது. ஸ்வாதி வந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, சீரியலா?" என்றாள். "ஆமா, பேசாம உக்காரு" என்றாள் எழிலரசி. ஸ்வாதியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலாவது பாடம் வந்தது. பழைய பெட்டி நிரம்பிய இடத்தைத் தாண்டியது. அதன் பிறகு, ஒன்றும் வரவில்லை.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அரை மணி. பக்கம் அசையவில்லை. எழிலரசி ரேணுகாவுக்கு போன் போட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஜெகதீஷுக்குப் போட்டாள், அதே பதில். எங்கே தவறு செய்தோம் என்று சனிக்கிழமை எழுதியதை எல்லாம் மனதுக்குள் புரட்டினாள். அந்தப் பெண்ணிடம் மெய்யாலும் என்று சொல்லியிருக்கிறோம், இந்தத் தடவையும் போனால் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று தவித்தாள். ஸ்வாதி போட்டுக் கொடுத்த காபி ஆறிப்போனது.

மத்தியானம் இரண்டு மணி சுமாருக்குப் பக்கம் திடீரென்று அசைந்தது. ஒரு வாக்கியம் இல்லை, பத்து இல்லை, மடை திறந்த மாதிரி கொட்டியது. தகரக் கூரைக்கு அடியில் இணைப்பு போயிருக்கிறது. வாக்கியங்கள் அங்கேயே, ரேணுகாவின் கையில் இருந்த கருவியிலேயே காத்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒன்றுகூட வரிசை மாறவில்லை. கண்ணால் தொடர முடியாத வேகத்தில் ஓடி, கடைசி வரி வந்து நின்றது.

ரேணுகா – முடித்தார் – ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிப் பாடம்.

எழிலரசி எழுந்து நின்றாள். ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. ஸ்வாதி கை தட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, மேலே போய் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வரிகள் வந்துகொண்டிருந்தபோது கவனிக்காத ஒரு இடம் விநோதமாக இருந்தது. நாலாவது பாடத்தில் வரும் 'பின்னோக்கி ஓட்டுதல்' என்ற பயிற்சி. ரேணுகா முதல் தடவையிலேயே அதைச் சரியாகச் செய்திருக்கிறாள். ஆனாலும் மறுபடி செய்திருக்கிறாள். மறுபடி, மறுபடி, பக்கம் பக்கமாக. எல்லாமே சரி. கடைசிப் பாடம் முடிந்த பிறகும் முடிக்கும் பொத்தானை அழுத்தாமல் திரும்பிப் போய் அதையே செய்திருக்கிறாள். பழைய பெட்டியை நிரப்பியதே இந்த ஒரு பயிற்சிதான்.

போன் கிடைத்ததும் முதலில் ரேணுகாதான் கத்தினாள். "அக்கா! முட்ச்சிட்டேன்னு அதுவே சொல்லிச்சு! பச்சக் கலர்ல!"

"பார்த்தேன், எல்லாத்தையும் பார்த்தேன். ஒண்ணு கேக்கட்டுமா? பின்னால ஓட்டறது உங்களுக்கு முதல் தடவையே சரியா வந்துடுச்சு. ஏன் திரும்பத் திரும்பப் பண்ணீங்க?"

"வண்டி பின்னால வர்ற வயிலதான்க்கா நம்ம பேக்கிங் பொண்ணுங்க டீக்குப் போவாங்க. பேசிகினே போவுங்க, ஒண்ணும் கவனிக்காதுங்க. ஒரு தபா சரியா வந்தா போதுமா? தெனம் வரணும்ல?"

இத்தனை வருஷமாக, சரியான விடை வந்தால் படித்தாயிற்று என்றுதான் அவளும் அவள் கம்ப்யூட்டரும் எழுதி வந்திருக்கிறார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஜெகதீஷே போன் பண்ணினார். "மேடம், இன்னைக்குப் பொம்பளைங்க பேட்ச் முதல் தடவையா தனியா வண்டி எடுக்குது. நேரம் இருந்தா வாங்க." அலுவலகத்தில் பர்மிஷன் சொல்லிவிட்டுப் போனாள்.

கிடங்குக்கு வெளியே திறந்த வெளியில் ரேணுகா மஞ்சள் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெல்மெட், முகத்தில் இதுவரை பார்க்காத ஒரு கண்டிப்பு. பாரத்தைத் தூக்கினாள், இறக்கினாள். பின்னோக்கி எடுக்கச் சொன்னார் ஜெகதீஷ். அவள் வண்டியை நகர்த்தவில்லை. உடம்பை முழுசாகத் திருப்பிப் பின்னால் பார்த்தாள், ஹாரன் அடித்தாள், காத்திருந்தாள். கட்டிட மூலையிலிருந்து பேக்கிங் பெண்கள் நாலைந்து பேர் பேப்பர் கப்போடு பேசிக்கொண்டே வந்தார்கள். வண்டியில் ரேணுகாவைப் பார்த்ததும் ஓவென்று கூச்சல் போட்டார்கள்.

"சிரிச்சிகினு நிக்காதீங்கடி, ஓரமாப் போங்க!" என்று வண்டியிலிருந்தே அதட்டினாள் ரேணுகா. கடைசிப் பெண் தாண்டும்வரை காத்திருந்து, இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஜெகதீஷ் விசிலை வாயில் வைத்திருந்தார். ஊத வேண்டிய அவசியம் வரவில்லை.

எழிலரசி பயிற்சி அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தாள். சேமிப்புக் கணினிக்குக் கையாலேயே ஒரு வாக்கியம் எழுதினாள். யார் என்ற இடத்தில் கை பழக்கதோஷத்தில் 'டெஸ்ட் ஒன்று' என்று அடித்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

எழிலரசி – பார்த்தார் – ரேணுகா பின்னோக்கி ஓட்டியதை.

அனுப்பினாள். சேமிப்புக் கணினி அதை ரேணுகாவின் வரிகளுக்குக் கீழே சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டது.

அடுத்த வாரம் மனோகரன் வழக்கம்போல் பரிசோதனைப் பதிவுகளைத் துடைக்க உட்கார்ந்தார். ஒரு வரியில் நின்று, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"எழில், இந்த ஒண்ணு டெஸ்ட்டா? அழிச்சிடவா?"

"இல்ல சார்" என்றாள் அவள். "அது நான். இருக்கட்டும்."